கலியாண எழுத்துக்கு ஒரு குட்டிப் பேனை

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஒரு கலியாண மண்டபம். தாலி கட்டி முடிந்து, எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என் பேனை ஒரு மனிதரின் புத்தம் புது வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தது.

நான் விவாகப் பதிவாளர். எங்கள் பக்கத்தில் பதிவு என்று யாரும் சொல்வதில்லை, 'கலியாண எழுத்து' என்பார்கள். என்னைக் காணும்போது, "எழுத்து மிஸ் வந்திட்டா, மேசையைப் போடுங்கோ" என்று ஒரு குரல் கேட்கும். மேசைக்குச் சரிகைத் துணி விரித்து, இரண்டு கதிரை போடுவார்கள். மாப்பிள்ளை, பொம்பிளை, இரண்டு சாட்சிகள், கடைசியில் நான் என்று கையெழுத்து வைப்போம். எல்லாம் மைப்பேனையால், அழியாத கறுப்பு மையால். நான் இந்த வேலை பழகிய நாளிலிருந்து அப்படித்தான். குமிழ்முனைப் பேனையை யாராவது சட்டைப் பையிலிருந்து உருவினால், "அதை வையுங்கோ, இதால எழுதுங்கோ" என்று என்னுடையதை நீட்டுவேன்.

அந்தப் பேனை எனக்கு நியமனம் கிடைத்தபோது கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது. கறுப்பு, தடிப்பு, பொன் வளையம் போட்டது. பார்த்தால் ஒரு நீதவானுக்குப் பொருந்தும். எனக்குப் பொருந்தவில்லை. என் கைப்பையில் குறுக்கே வைத்தால் சிப் பூட்டாது. நெடுக்கே வைத்தால் மூடி வெளியே எட்டிப் பார்க்கும். கைப்பையை ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் நிலாவெளிக்கும் கந்தளாய்க்கும் ஓடுகிறவள் நான். இருக்கைக்கு அடியில் ஒரு கோழிமுட்டையை வைத்தால் அவிந்துவிடும். பேனைக்குள் இருக்கும் காற்று சூடேறிப் பெருத்து, மையை வெளியே தள்ளும். மூடிக்குள் மை தேங்கி நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மேசைத் துணியில் இரண்டு தரம், என் சேலையில் பல தரம் சிந்தியிருக்கிறது. ஒரு கடதாசித் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறப்பது என் வழக்கம்.

அன்றைக்குக் கடதாசித் துண்டு இல்லை. மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி என் அருகில் குனிந்து, "எந்த இடத்தில மிஸ்?" என்று கேட்டார். நான் மூடியை வெடுக்கென்று இழுத்தேன். நெஞ்சில் மூன்று பெரிய துளி. அதைத் துடைக்கப் போன என் கையால் ஒரு நீளக் கோடு.

"ஐயோ! மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

அவர் தலையைக் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை மிஸ். கிறீஸ் படாமல் நான் ஒரு சேட்டோட இவ்வளவு நேரம் இருந்ததே பெரிய விசயம். ஏதாவது நடக்குமெண்டு காலமையிலயிருந்து பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகின் இஞ்சினியர். சீனன்குடாப் பக்கம் கோதுமை கொண்டு வரும் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரைக்குச் சேர்க்கிற படகு. மாப்பிள்ளை அவருக்குக் கீழே வேலை செய்கிறவர். மனிதர் பேனையை வாங்கினார். ஒரு ஆணியை இறுக்குகிற மாதிரிப் பிடித்தார். அழுத்தினார். 'கிறுக்' என்று ஒரு சத்தம். நிப்பின் இரண்டு பாதியும் காகம் வாய் திறந்த மாதிரி விரிந்துவிட்டன.

"இது நான் செய்ததோ?"

"ஓம்."

"அப்ப சரிக்குச் சரி" என்றார்.

பொம்பிளை பக்கத்துச் சாட்சி இன்னும் எழுதவில்லை. அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், விறைப்பான மனிதர். விரிந்த நிப்பால் அவர் கையெழுத்து வைத்தபோது ஒவ்வொரு எழுத்தும் இரட்டைக் கோடாக, தண்டவாளம் மாதிரி விழுந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார்.

"பிள்ளை, எனக்கு ஏன் ரெண்டாத் தெரியுது?"

பொம்பிளைக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு மாப்பிள்ளை. எழுத்து மேசையில் நான் சிரித்ததே இல்லை, அது ஒரு மரியாதை. அன்றைக்குச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்தியும் முடியாமல், கண்ணால் நீர் வழிய, என் பெயரையும் தண்டவாளமாக எழுதி முடித்தேன்.

அடுத்த கிழமை இஞ்சினியர் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி.

"உங்கட நிப்பை உடைச்சது நான். அதுக்குப் பதிலா ஒரு பேனை."

பெட்டிக்குள் இருந்தது பித்தளைப் பேனை. முழுக்கப் பித்தளை. உருண்டையாக, பளபளவென்று, ஒரு சின்ன உலக்கை மாதிரி. இணையத்தில் தேடி வரவழைத்தாராம்.

"பேனையெண்டுறது என்ன மிஸ்? அதுவும் ஒரு இயந்திரம்தான். சரியான உலோகத்தில, சரியான மரை வெட்டியிருந்தா எண்டைக்கும் ஒழுகாது. இதைக் கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் நடக்காது."

மனிதர் பேசுகிறபோது அவருடைய இரண்டு கையும் காற்றில் ஏதோ ஒன்றைப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருக்கும். அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். ஒரு இஞ்சினியர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியில், கடற்கரை விடுதி ஒன்றில் எழுத்து. மேசையை மணலில் போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் சரிவாக. பித்தளைப் பேனைக்குச் சட்டைப் பையில் மாட்டுகிற கொளுவி இல்லை. பொம்பிளை எழுதிவிட்டு வைத்தா. அது ஒய்யாரமாக உருண்டு, மேசை விளிம்பைத் தாண்டி, மணலுக்குள் தலைகீழாகக் குத்தி நின்றது. எடுத்துத் துடைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் மூடியைப் பின்பக்கம் செருகி எழுதப் போனார், பேனை பின்னுக்குச் சாய்ந்து அவர் கையையும் இழுத்துக்கொண்டு போனது. பொம்பிளை தன் விரலை மணந்து பார்த்துவிட்டு, "மிஸ், என்ர கை சில்லறைக் காசு மணக்குது" என்றா.

அன்றைக்குப் பின்னேரம் இஞ்சினியருக்கு அழைப்பெடுத்தேன்.

"உங்கட பேனை மண்ணுக்குள்ள போட்டுது."

"எடுத்தாச்சோ?" அவருக்குப் பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"எடுத்தாச்சு. ஆனா இப்ப திறக்கேக்க கோப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் கேக்குது."

அவர் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தின் இரைச்சல் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் ஊதியது. "கொஞ்சம் பொறுங்கோ, ஒரு கப்பலைத் திருப்பிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, அழைப்பை வெட்டாமல் போய்விட்டார். நான் போனைக் காதில் வைத்தபடி, குசினியில் நின்றுகொண்டு, ஒரு கப்பல் திரும்புகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் வைக்கவில்லை என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அவர் கொண்டு வந்தது, அமத்தினால் நிப்பு வெளியே வரும் பேனை. மூடி கிடையாது. ஒரு கையால் திறக்கலாம், மூடி தொலையாது, மூடிக்குள் மை தேங்காது. "இதுதான் மிஸ் கடைசிப் பேச்சு" என்றார். பேனை நல்ல பேனைதான், அதைக் குறை சொல்லமாட்டேன். பிழை எங்கள் சனத்தில். கந்தளாயில் ஒரு கலியாணத்துக்கு நேரத்தோடு போய், மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பொம்பிளையின் மாமா ஒருவர் அதைக் கையில் எடுத்தார். டிக். உள்ளே போனது. டிக். வெளியே வந்தது. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. டிக் டிக். டிக் டிக். ஐயர் மந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். எங்கே விட்டார் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. மாமாவிடமிருந்து பேனையைப் பறித்த மாமி தானும் ஒரு தரம் டிக் என்றா. எழுத்து முடிந்தபோது நிப்பு வெளியே நின்றபடியே காய்ந்துபோயிருந்தது. தவிர, அது பழையதைவிடத் தடிப்பு. என் கைப்பை சிப் மறுபடியும் பூட்டவில்லை.

"அப்ப விஞ்ஞான முறையில செய்வம்" என்றார் அவர். எங்களிடம் அப்போது வேறு மூன்று பேனைகள் சேர்ந்திருந்தன. ஒன்று அவருடையது, இரண்டு நான் நகரத்துப் புத்தகக் கடைகளில் வாங்கியவை. மூன்றுக்கும் மை நிரப்பி, அவர் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, இயந்திர அறையில் ஒரு பகல் முழுக்க வேலை செய்வது என்று திட்டம். அந்தச் சூட்டில் ஒழுகாத பேனை எந்த ஸ்கூட்டியிலும் ஒழுகாது. பின்னேரம் உள்துறைமுக வீதியில், கடலைப் பார்த்த ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்து முடிவு சொல்வார்.

நான் முதலே போய் உட்கார்ந்துவிட்டேன். தேத்தண்ணி வந்தது. அவர் வந்தார், வலது கையை நெஞ்சில் வைத்தபடி, தேசியகீதத்துக்கு நிற்கிற மாதிரி.

"எது வெண்டது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வெல்லேல்ல. நான்தான் தோத்தனான்."

கையை எடுத்தார். பையிலிருந்து இடுப்பு வரைக்கும் மை ஊறி இறங்கியிருந்தது. மேலே ஒடுங்கி, நடுவில் பெருத்து, கீழே வளைந்து, அசல் இலங்கைப் படம். திருகோணமலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொத்தான்.

எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அவர் மிகவும் பொறுப்பாக, "யாழ்ப்பாணம் கொஞ்சம் கசிஞ்சு தோளுக்குப் போட்டுது" என்று விளக்கம் வேறு சொன்னார். கடைக்காரர் ஓடிவந்து என் முதுகில் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். எங்கள் நகரத்தில் மான்கள் தெருவில் திரியும்; வீதியில் புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மான்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்றா.

"என்னடி, பல்லுக் கொதியோ? கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு வாறாய்?"

பல் வலி இல்லை. சிரித்துச் சிரித்துக் கன்னம் நொந்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். எனக்கு நாற்பத்துமூன்று வயது. அண்ணன்மார் இருவரும் வெளிநாட்டில். அப்பா நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார், பார்த்தது நானும் அம்மாவும். அந்த வருடங்களில் என்னைப் பொம்பிளை கேட்டு வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். அதை ஒரு கவலையாக நான் வைத்துக்கொள்ளவில்லை, நேரமும் இருக்கவில்லை. கிழமைக்கு இரண்டு கலியாணத்துக்குப் போகிறவளுக்கு இன்னொரு கலியாணம் வேண்டுமா என்றுதான் இருந்தேன். கண்ணாடிக்குள் நின்றவள் பாட்டுப் பாடிக்கொண்டு முகம் கழுவினாள். அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காக யோசித்தேன். இவர் கப்பலுக்குப் பேனை தேடிக்கொண்டிருக்கிறார். எனக்கு வேண்டியது என் கைப்பைக்கு. நான் சேலை கட்டுகிறவள், எனக்குச் சட்டைப் பை கிடையாது. ஸ்கூட்டித் திறப்பு, போன், முத்திரை, பொட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒளிந்துகொள்கிற அளவு சின்னதாக இருக்கவேண்டும். ஆனால் எழுதுகிறபோது பெரிய கைக்கும் எட்டவேண்டும், மாப்பிள்ளைமாருக்குப் பெரிய கை. மூடி இழுத்துத் திறப்பதாக இருக்கக் கூடாது, திருகிப் பூட்டுவதாக இருக்கவேண்டும். உருளக் கூடாது. நிப்பு வளைந்து கொடுக்கிற பொன் நிப்பு வேண்டாம், விறைத்த இரும்பு நிப்பு வேண்டும், என்னிடம் வருகிறவர்கள் யாரும் மைப்பேனையில் பழகியவர்கள் இல்லை. உள்ளே மை குறைவாகப் பிடித்தால் நல்லது. குறைந்த இடம், குறைந்த காற்று, குறைந்த வாந்தி.

அப்படி ஒன்றை இணையத்தில் பார்த்து, அவருக்குப் படம் அனுப்பினேன். மூடிய பேனை என் உள்ளங்கைக்குள் அடங்கும். மூடியைக் கழற்றிப் பின்பக்கம் திருகினால் முழுப் பேனையாக நீளும். அலுமினியம், எட்டுப் பட்டை, மூடியின் உள்ளே ஒரு றப்பர் வளையம்.

"இது விளையாட்டுச் சாமான் மிஸ்" என்று பதில் வந்தது. "ரெண்டு நாளைக்குத் தாங்காது. இயந்திரம் எண்டா கொஞ்சம் பாரம் இருக்கவேணும்."

பேசாமல் அதையே வாங்கினேன்.

பொதி வந்த அன்று அம்மாவும் நானும் அதைக் குசினி மேசையில் வைத்துப் பார்த்தோம். "இவ்வளவுதானோ? இது பேனையோ, லிப்ஸ்டிக்கோ?" என்று அம்மா கேட்டா. அதற்குள் போகிற மைக்குழாய் என் சின்னவிரலின் பாதி. அழியாத கறுப்பு மை அந்தக் குழாயில் அடைத்து வராது, வெறும் குழாயில் நாமாகத்தான் நிரப்பவேண்டும். மருந்துக்கடைக்குப் போய் ஒரு ஊசி கேட்டேன்.

"ஆருக்கு மிஸ் ஊசி?" என்று மருந்துக்கடைக்காரர் கவலையோடு கேட்டார். "அம்மாவுக்குச் சுகமில்லையோ?"

"பேனைக்கு."

அவர் ஊசியைத் தந்தார். ஆனால் நான் வீதியைக் கடந்து ஸ்கூட்டியில் ஏறுகிறவரைக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

பேனைக்கு ஊசி போட்டேன். பாதிதான் நிரப்பினேன், ஏனென்றால் பாதி வெறுமையாக இருக்கிற பேனைதான் அதிகம் ஒழுகும், சோதிக்கிறதென்றால் அப்படித்தான் சோதிக்கவேண்டும். ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் வைத்து, மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரி வீதியில் நிறுத்திவிட்டு, நிழலில் நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டேன். இருக்கையைத் திறந்தபோது பேனை தொட முடியாத சூடு. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகினேன். மூடிக்குள் ஒரு பொட்டு மை இல்லை. நிப்பு துடைத்து வைத்த கரண்டி மாதிரி. வீட்டில் குசினி மேசையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுத்தினேன், ஒரு கீறல், அவ்வளவுதான். அம்மாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். அம்மா கையெழுத்து வைத்தால் கீழே உள்ள மூன்று தாளிலும் தடம் இருக்கும். நிப்பு அசையவில்லை. நான் முற்றத்தில் இறங்கி ஒரு சுற்று ஆடினேன். "விசரி" என்றா அம்மா. அந்தச் சொல்லில் சந்தோசம் இருந்தது.

அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இறக்கக்கண்டியில் அடுத்த கலியாணம். மாப்பிள்ளை கடற்றொழில் செய்கிறவர், பொம்பிளையின் தமையன் இழுவைப் படகில் வேலை. அதனால் இஞ்சினியரும் வந்திருந்தார், இந்த முறை முன்னெச்சரிக்கையாகக் கறுப்புச் சட்டையில். வீட்டு முற்றத்தில் பந்தல். பத்தடி நடந்தால் கடல். நான் கைப்பையைத் திறந்து, அந்தக் குட்டிப் பேனையை எடுத்து, மூடியைத் திருகி, பின்பக்கம் பூட்டி, பொம்பிளையிடம் நீட்டினேன். கண்ணை நிமிர்த்தவே இல்லை. ஆனால் அவர் ஒரு அடி முன்னுக்கு வந்தது தெரிந்தது. பொம்பிளை எழுதினா. மாப்பிள்ளை எழுதினார், துடுப்புப் பிடித்துக் காய்த்த பெரிய கை, நன்றாகவே எட்டியது. சாட்சிகள் எழுதினார்கள். நான் எழுதினேன். ஒரு துளி சிந்தவில்லை, ஒரு எழுத்து இரட்டிக்கவில்லை.

எல்லாரும் கை தட்டி முடிந்த பிறகு அவர் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். திருகிப் பார்த்தார். றப்பர் வளையத்தை நகத்தால் தொட்டார். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கடதாசித் தட்டை எடுத்து, அதில் தன் முழுப் பலத்தையும் போட்டு ஒரு கோடு இழுத்தார். தட்டு கிழிந்தது. நிப்பு அப்படியே இருந்தது.

"நான் சொன்னது பிழை மிஸ்" என்றார். கிழிந்த தட்டை ஒரு கையிலும் பேனையை மற்றக் கையிலும் வைத்துக்கொண்டு, இவ்வளவு சந்தோசமாகத் தோற்ற மனிதரை நான் கண்டதில்லை.

அப்போது மாப்பிள்ளை எல்லாரையும் தன் புதுப் படகில் நின்று படம் எடுக்கக் கூப்பிட்டார். படகு கரையோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மாப்பிள்ளை பொம்பிளை ஏறினார்கள், அவர்களுக்குப் பின்னால் இஞ்சினியரும், என் பேனையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. ஒரு இயந்திரத்தைக் கண்டால் அவரால் சும்மா நிற்க ஏலாது. பின்னுக்குப் போய் இயந்திரத்தைக் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து என் பேனை வழுக்கி, வெயிலில் ஒரு தரம் மின்னி, 'புளக்' என்று கடலுக்குள் போனது.

"ஐயோ மிஸ்ஸின்ர பேனை!" என்று கத்தியபடி அவர் சப்பாத்தோடு குதித்தார்.

அவர் குதித்ததும் மாப்பிள்ளையின் தம்பிமார் குதித்தார்கள். அதைப் பார்த்துச் சித்தப்பாமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மாமிமார் பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் அடி அடியாக வைத்து, காலால் தடவிப் பார்த்தார்கள். "இஞ்ச கிடக்கு! ... இல்லை, இது சிப்பி." "கலக்காதேங்கோடா, கலக்கினா எப்பிடித் தெரியும்?" நான் கரையில் நின்று, "விடுங்கோ, பரவாயில்லை, விடுங்கோ" என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கலியாணத்தில் அதுவரை ஓரமாக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் நின்றன.

பொம்பிளைக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. கூறைச்சேலையோடு படகிலிருந்து இறங்கினா. மூன்றாம் அடியில் நின்றா. கண்ணை மூடினா. பிறகு ஒரு காலை மெல்லத் தூக்கினா. கால் விரல்களுக்கு நடுவில் என் பேனை.

அந்த ஆரவாரம் நிலாவெளிக்குக் கேட்டிருக்கும்.

நான் ஈரப் பேனையைத் திருகித் திறந்தேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. என் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தேன், கறுகறுவென்று எழுதியது. மீண்டும் ஒரு ஆரவாரம். சனம் நனைந்த உடுப்பைப் பிழிந்தபடி சாப்பாட்டுப் பக்கம் போனது.

அவர் மட்டும் கடலை விட்டு வெளியே வந்து, சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றார். ஒரு சப்பாத்தைக் காணவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கிறதாகத் தெரியவில்லை.

"மிஸ், ஒரு விசயம் கேக்கவேணும். உத்தியோக விசயம்."

"கேளுங்கோ."

"கலியாணத்துக்கு அறிவித்தல் குடுக்கிறதெண்டா ஆரிட்டக் குடுக்கவேணும்?"

"பிரிவைப் பொறுத்தது. எங்கட பிரிவெண்டா என்னட்டத்தான்."

"பொம்பிளையும் நீங்களெண்டா?"

கடல் இரைந்துகொண்டிருந்தது. பந்தலில் யாரோ பாட்டுப் போட்டார்கள், உடனே நிறுத்தினார்கள். எனக்கு வாயில் வந்தது சட்டம்தான்.

"அப்பிடியெண்டா என்னட்டக் குடுக்க ஏலாது. வேற பதிவாளரிட்டத்தான் போகவேணும்."

"போவமோ?"

"ஓம்" என்றேன். "முதல் போய்ச் சப்பாத்தைத் தேடுங்கோ."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் தலைக்கவசத்துக்குள் பாடிக்கொண்டு வந்தேன். அலஸ்தோட்டத்தில் வளைவை விட்டு நேரே போய், திரும்பி வந்தேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"அம்மா, கலியாணம்."

"எந்த மண்டபத்தில?"

"மண்டபம் இன்னும் பாக்கேல்ல."

"எத்தினை மணிக்குப் போகவேணும்? சேலை மினுக்கி வைக்கட்டோ?"

"அம்மா, எனக்குக் கலியாணம்."

"ஓமடி, உனக்குத்தான். ஒவ்வொரு கிழமையும் உனக்குத்தானே கலியாணம்."

நான் போய்க் கத்தியை அவவின் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, மெதுவாக இன்னொரு தரம் சொன்னேன். அம்மா அப்படியே பலகைக்கட்டையில் இருந்துவிட்டா. மீன் செதில் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்தா, கன்னமெல்லாம் மினுங்கியது. கொஞ்ச நேரம் சிரித்தா, கொஞ்ச நேரம் அழுதா, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டா:

"வேதக்காரரோ, சேர்ச்சுக்குப் போறவரோ?"

"ஓம்."

அம்மா அப்பாவின் படத்தை ஒரு தரம் பார்த்தா.

"சரி. நத்தாருக்கு நல்ல கேக் கிடைக்கும்."

அடுத்த கிழமை நாங்கள் பக்கத்துப் பிரிவுப் பதிவாளரிடம் போனோம். வயதான, கண்டிப்பான மனிதர், எனக்கு இந்த வேலையில் மூத்தவர். அவருடைய மேசையின் மறுபக்கத்தில், இரண்டு கதிரையில் நாங்கள் இருவரும் இருந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேசை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்றது. அவர் தாளை இழுத்து வைத்து, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"பொம்பிளையின்ர தொழில்?"

நான் வாயைத் திறந்தேன். 'விவாக...' என்று தொடங்கினேன். பக்கத்தில் இருந்தவரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அதைக் கண்டதும் எனக்கும் தொடங்கிவிட்டது. அவர் மேசையைப் பிடித்தார், நான் அவர் கையைப் பிடித்தேன், ஒன்றுக்கும் நிற்கவில்லை.

பெரியவர் பேனையை மூடிக் கீழே வைத்தார். கதிரையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"முதல் சிரிச்சு முடியுங்கோ" என்றார். "பிறகு எழுதுவம்."